குடல் எரிச்சல் நோய்: எதை நிறுத்துவது, எதை நிறுத்த வேண்டாம்

அடிக்கடி வயிற்று வலி, உப்புசம். சில நாள் வயிற்றுப்போக்கு, சில நாள் மலச்சிக்கல். இவை மாதக்கணக்கில் தொடர்ந்தால், ஐபிஎஸ் எனப்படும் குடல் எரிச்சல் நோயாக இருக்கலாம். இந்நோயில் குடலில் புண்ணோ கட்டியோ இருப்பதில்லை. குடலின் அசைவும் உணர்வும்தான் மாறுகின்றன. இது புற்றுநோயாக மாறுவதும் இல்லை.

முதலில் மருத்துவரைப் பாருங்கள்

இந்நோய் பெரும்பாலும் இளவயதிலேயே தொடங்கும். எனவே 50 வயதுக்குப் பிறகு முதன்முறையாக இத்தொல்லை வந்தால், "வாயுதான்" என்று ஓமத் தண்ணீர் குடித்துவிட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள். மலத்தில் ரத்தம், காரணமின்றி எடை குறைதல், ரத்தசோகை, தூக்கத்தைக் கலைக்கும் வயிற்றுப்போக்கு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே பலதுறை மருந்தகத்துக்குச் செல்லுங்கள். நீங்கள் சாப்பிடும் மாத்திரைகளையும் எடுத்துச் செல்லுங்கள். நீரிழிவுக்கான மெட்ஃபார்மின் சிலருக்கு வயிற்றுப்போக்கையும், இரும்புச்சத்து மாத்திரை மலச்சிக்கலையும் தரும். நீங்களாக எந்த மருந்தையும் நிறுத்த வேண்டாம்.

உங்கள் சமையலறையில்

பலரும் மிளகாயைத்தான் குறை சொல்வார்கள். காரம் சிலருக்கு வலியைத் தூண்டுவது உண்மைதான். ஆனால் வெங்காயத்தையும் பூண்டையும் யாரும் சந்தேகிப்பதில்லை. இவற்றில் உள்ள ஃபிரக்டான் என்ற பொருள் சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்குச் சென்று, அங்கே புளித்து வாயுவை உண்டாக்குகிறது. ஃபிரக்டான் நீரில் கரையும், எண்ணெயில் கரையாது. ஆகவே பூண்டுப் பற்களை முழுதாக எண்ணெயில் வதக்கி, அவற்றை எடுத்துவிட்டு, அந்த எண்ணெயில் தாளியுங்கள். மணம் இருக்கும், தொல்லை குறையும். அந்த எண்ணெயைச் சேமித்து வைக்காமல் அப்போதே பயன்படுத்திவிடுங்கள். ரசத்தில் நசுக்கிப் போட்ட பூண்டைப் பிறகு எடுத்துப் பயனில்லை. வெங்காயத்துக்குப் பதிலாக வெங்காயத் தாளின் பச்சைப் பகுதியைச் சேர்க்கலாம்.

பருப்பையும் கொண்டைக்கடலையையும் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டுப் புது நீரில் வேகவையுங்கள். அளவைக் குறையுங்கள், சைவ உணவு உண்பவர்கள் பருப்பை அடியோடு விட்டால் புரதச்சத்து குறைந்துவிடும். பால் ஒத்துக்கொள்ளாவிட்டால் தே தாரிக்குக்குப் பதில் தே-ஓ கேளுங்கள். ஆனால் தேநீர், காப்பி எல்லாம் சேர்த்து நாளுக்கு மூன்று கோப்பை போதும். நீரிழிவு உள்ளவர்கள் விரும்பும் சர்க்கரையில்லா மிட்டாய்களில் சோர்பிட்டால் இருக்கலாம். அதுவும் வயிற்றைக் கலக்கும்.

மலச்சிக்கலுக்குக் கோதுமைத் தவிடு சாப்பிட்டால் உப்புசம் கூடலாம். ஓட்ஸ் அல்லது இசப்கோல் மேல். சிறிது சிறிதாகக் கூட்டி, போதிய நீர் குடியுங்கள். நீரைக் குறைக்கும்படி மருத்துவர் சொல்லியிருந்தால் இசப்கோல் எடுக்குமுன் அவரிடம் கேளுங்கள்.

ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் நிறுத்தாதீர்கள்

இரண்டு வாரம் உண்டதையும் வயிற்றின் நிலையையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். பிறகு சந்தேகமான ஒரே ஒரு பொருளைச் சில வாரம் நிறுத்திப் பாருங்கள். மாற்றம் இல்லையென்றால் அதை மீண்டும் சாப்பிடத் தொடங்குங்கள். பத்துப் பொருளை ஒன்றாக விட்டால் எது காரணம் என்று தெரியாது. முதிய வயதில் எடையும் தசை வலுவும்தான் குறையும். விரத நாளில் நெடுநேரம் பட்டினி கிடந்து, பின் வயிறு முட்ட உண்பதும் குடலுக்கு ஆகாது.

இதிலும் தீரவில்லையென்றால், உணவியல் நிபுணரிடம் அனுப்பும்படி உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். போகும்போது அந்த நோட்டை மறக்காமல் கொண்டு செல்லுங்கள்.