குற்றாலத்துல 5 லட்சம், தென்காசியில 5 லட்சம்: காப்பீடு எவ்வளவு?

வேலைக்குப் போய்க்கிட்டே வங்கித் தேர்வுக்குப் படிக்கிறீங்களா? பழைய கைடுல ரெண்டு விடையைத் திருத்துங்க.

1. தென்காசி இப்போ திருநெல்வேலி மாவட்டத்தில் இல்லை. 2019 நவம்பர் 22 முதல் தனி மாவட்டம்.

2. வங்கி டெபாசிட் காப்பீடு 1 லட்சம் இல்லை. 2020 பிப்ரவரி 4 முதல் 5 லட்சம் ரூபாய். தருவது ரிசர்வ் வங்கியின் துணை நிறுவனமான டிஐசிஜிசி.

முதல் விடை தப்பினா ஒரு மார்க் போகும். ரெண்டாவது தப்பினா அப்பாவோட ஓய்வூதியப் பணமே சிக்கிக்கும். ஒரே வங்கியின் தென்காசி கிளையில் 5 லட்சம், குற்றாலம் கிளையில் 5 லட்சம்னு அவர் பேர்ல போட்டிருந்தாலும், வட்டியோட சேர்த்துக் காப்பீடு மொத்தமே 5 லட்சம்தான். வேற வங்கியில பிரிச்சுப் போட்டா, ஒவ்வொன்றுக்கும் தனியா 5 லட்சம். இன்னிக்கே பாஸ்புக்கை எடுத்துப் பாருங்க.