ஒரு சொட்டும் வீணாகாமல்...
(ஷவர் வால்வு பழுதுபார்க்கும் முறை)



டிராயிங் ஹாலில் வால்வின் வெட்டுத்தோற்றத்தை வரைந்து நல்ல மார்க் வாங்கியவன் நான். ஆனால் ஒரு வால்வைக்கூடக் கழற்றிப் பார்த்தது கிடையாது.

என் அம்மா வைசியாள் வீதியில் ஒரு வீட்டில் வேலை செய்கிறார். அந்த வீட்டு ஷவர், மூடினாலும் சொட்டிக்கொண்டே இருந்தது. பார்க்க வந்தவர், "டைல்ஸை உடைச்சு வால்வையே மாத்தணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மா உடனே, "என் பையன் பாலிடெக்னிக்ல படிக்கிறான், அவன் பார்ப்பான்" என்று சொல்லிவிட்டார். எங்கள் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான். அம்மாவின் சொல் பொய்யாகிவிடக் கூடாதே என்ற பயத்தில் எனக்கு அன்றிரவு தூக்கமே வரவில்லை. கொத்தனாரான அப்பா மட்டும், "சுவத்தை உடைக்கிறது கடைசி வேலைடா. முதல்ல எங்கே ஒழுகுதுன்னு பாரு" என்றார்.

பழுதைக் கண்டறிதல்

மூடிய பிறகும் ஷவர் தலையில் சொட்டினால், குறை வாஷரிலோ அது உட்காரும் சீட்டிலோ இருக்கிறது. கைப்பிடியைச் சுற்றிக் கசிந்தால், ஸ்பிண்டிலைச் சுற்றியுள்ள பேக்கிங் தேய்ந்துவிட்டது. இரண்டுக்குமே சுவரை உடைக்க வேண்டியதில்லை. அந்த வீட்டில் முதல் வகைக் குறைதான். மக் வைத்து அளந்தேன். ஒரு லிட்டர் நிரம்ப 2 மணி நேரம் ஆனது. அப்படியானால் நாளைக்கு 12 லிட்டர், வருடத்துக்கு 4,380 லிட்டர்!

செய்முறை

1. மாடி டேங்கிலிருந்து வரும் கேட் வால்வை மூடுங்கள். கீழே உள்ள குழாயைத் திறந்து, பைப்பில் நிற்கும் தண்ணீரை வடியுங்கள். இதை மறந்ததால் எனக்குச் சட்டையெல்லாம் நனைந்தது.

2. கைப்பிடியின் மூடியை நெம்பி எடுத்து, உள்ளே இருக்கும் ஸ்க்ரூவைக் கழற்றுங்கள். கைப்பிடியும், சுவரை ஒட்டிய பிளாஞ்சும் வந்துவிடும்.

3. ஸ்பிண்டிலைப் பாதி திறந்த நிலையில் வைத்து, ஸ்பேனரால் இடப்பக்கமாகத் திருகி முழுப் பகுதியையும் வெளியே எடுங்கள்.

4. அடியில் உள்ள வாஷரைப் பாருங்கள். நான் எடுத்தது கல் மாதிரி இறுகி, நடுவில் பள்ளம் விழுந்திருந்தது. உப்புத் தண்ணீர் என்றால் சீட்டில் வெள்ளைப் படிவம் இருக்கும். அதைத் துணியால் துடைத்து, விரலால் தடவிப் பாருங்கள். சீட் வெட்டுப்பட்டிருந்தால் புது வாஷரும் நிற்காது.

5. பழைய வாஷரையும் கைப்பிடியையும் கடைக்குக் கையோடு கொண்டுபோங்கள். ஸ்பிண்டில் பற்களின் எண்ணிக்கை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கண் அளவில் கைப்பிடி வாங்கி, மறுபடி சைக்கிள் மிதித்தவன் சொல்கிறேன்!

6. புது வாஷர் போட்டு, முதலில் கையாலும் பிறகு ஸ்பேனராலும் இறுக்குங்கள். பலம் காட்ட வேண்டாம், பித்தளை மரை வழுக்கிவிடும்.

7. பிளாஞ்ச் மாட்டும் முன்பே தண்ணீரைத் திறந்து, பழைய நியூஸ்பேப்பரை ஒட்டிவைத்துச் சோதியுங்கள். காகிதம் நனையாவிட்டால் பிளாஞ்சையும் கைப்பிடியையும் மாட்டி, ஓரத்தில் ஒயிட் சிமெண்ட் பூசுங்கள். இல்லையென்றால் குளிக்கிற தண்ணீர் சுவருக்குள் இறங்கும்.

முடிவுரை

வேலை முடிந்ததும் அம்மா ஷவருக்குக் கீழே உள்ளங்கையை நீட்டி வெகுநேரம் நின்றார். ஒரு சொட்டும் விழவில்லை. "டைல்ஸ் தப்பிச்சுதே" என்று வீட்டுக்காரம்மா சிரித்தார். எனக்கு அதுவே செமஸ்டர் ரிசல்ட் மாதிரி இருந்தது.

நம் ஊர் அரசுச் சின்னத்தில் இருப்பது ஆயி மண்டபம். முத்திரையர்பாளையத்திலிருந்து ஊருக்குத் தண்ணீர் வந்ததன் நினைவாக, மூன்றாம் நெப்போலியன் (1852-1870) காலத்தில் கட்டியது. ஆயி என்ற பெண் தன் வீட்டையே இடித்துக் குளம் வெட்டினாள் என்பது கதை. நாம் வீட்டை இடிக்க வேண்டாம், ஒரு வாஷரை மாற்றினால் போதும். புத்தகத்தில் வரைந்ததை ஒருமுறை கையாலும் கழற்றிப் பாருங்கள் தோழர்களே!