தாடையில் இடும் எலும்பு எங்கிருந்து வருகிறது?

பல்லைப் பிடுங்கியவுடன் வலி நீங்கிவிடுகிறது. ஆனால் தாடையில் அதன் விளைவு தொடர்கிறது. நாம் மெல்லும்போதெல்லாம் பல்லின் வேர் வழியாகத் தாடை எலும்பிற்கு ஓர் அழுத்தம் செல்கிறது. அவ்வழுத்தமே அவ்வெலும்பை உரத்துடன் வைத்திருப்பது. பல் போனபின் அந்த எலும்பு வேலையின்றித் தேயத் தொடங்குகிறது. முதல் ஓராண்டில் அதன் அகலம் ஏறத்தாழப் பாதியாகக் குறையக்கூடும். அக்குறைவில் பெரும்பங்கு முதல் மூன்று மாதங்களிலேயே நேர்கிறது.

இழந்த பல்லுக்கு ஈடாக டைட்டானியத் திருகு ஒன்றைத் தாடையில் பதித்து, அதன்மேல் பல்லைப் பொருத்தும் முறையை சுவீடன் நாட்டு அறிஞர் பிரோனமார்க் 1965-இல் முதன்முதலாக ஒரு நோயாளிக்குச் செய்தார். இதையே 'இம்ப்ளான்ட்' என்கிறோம். விழுப்புரம், புதுச்சேரி, சிதம்பரம் என்று களமருதூர்ப் பகுதியினர் சென்றுவரும் ஊர்களிலும் இன்று இச்சிகிச்சை கிடைக்கிறது. ஆனால் மெலிந்த வரப்பில் நட்ட கம்பம் நிற்குமா? தேய்ந்த தாடையில் திருகும் நிற்பதில்லை. அப்போது மருத்துவர், "முதலில் எலும்பு வைக்க வேண்டும்" என்பார். இதுவே எலும்பு ஒட்டுச் சிகிச்சை.

"எந்த எலும்பு? யாருடைய எலும்பு?" என்று அப்போது கேட்போர் மிகச் சிலரே. கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்ட நம் குடும்பத்தினர் கட்டாயம் கேட்க வேண்டிய வினா இது.

நால்வகைப் பொருள்கள்

1. நோயாளியின் சொந்த எலும்பு. முகவாயிலிருந்தோ, கீழ்த்தாடையின் கடைவாய்ப் பகுதியிலிருந்தோ, பெரிய குறையாயின் இடுப்பெலும்பிலிருந்தோ எடுப்பர். உயிருள்ள அணுக்கள் உடையதாதலின் இது சிறந்ததாகக் கருதப்படுகிறது. எடுத்த இடத்திலும் ஒரு புண் ஆற வேண்டும் என்பதே இதன் குறை. மருத்துவர் இதனை 'ஆட்டோகிராஃப்ட்' என்பார்.

2. இறந்த மனிதர் கொடையாக அளித்த எலும்பு. தூய்மை செய்து, கதிர்வீச்சால் கிருமி நீக்கிப் பயன்படுத்துவர். மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் இதற்கான திசு வங்கி 1988-இல் அமைந்தது. பெயர் 'அல்லோகிராஃப்ட்'.

3. விலங்கின் எலும்பு. பெரும்பாலும் மாட்டெலும்பு; சில வகைகள் பன்றியினுடையவை. உயிர்ப்பொருளை நீக்கிக் கனிமத்தை மட்டும் துகளாக்கி விற்கின்றனர். பல்லாண்டுகளாகப் பயன்பட்டு நற்பெயர் பெற்றது; பரவலாக வழங்குவதும் இதுவே. பெயர் 'ஜெனோகிராஃப்ட்'. பவளத்திலிருந்து செய்யப்படும் துகள்களும் உண்டு. பவளமும் உயிரியின் கூடு என்பதை நாம் அறிவோம்.

4. செயற்கைப் பொருள். ஹைட்ராக்சி அபடைட், ட்ரை கால்சியம் பாஸ்பேட் என்னும் சுண்ணாம்புச் சத்துப் பீங்கான்களும், அமெரிக்காவில் லாரி ஹென்ச் 1969-இல் கண்டறிந்த உயிரியக்கக் கண்ணாடியும் இவ்வகையின. பெயர் 'அல்லோபிளாஸ்ட்'. சிறு குறைகளுக்கு இவை நன்கு உதவுகின்றன. பெருங்குறைக்கு இவை மட்டும் போதாமற் போகலாம். அங்கே சொந்த எலும்பைச் சேர்ப்பர்.

மறைந்திருக்கும் பொருள்கள்

துகளோடு வினா முடிவதில்லை. அதன்மேல் போர்த்தும் சவ்வு பெரும்பாலும் கொலாஜனால் ஆனது. அது மாடு, பன்றி, மீன் ஆகியவற்றிலிருந்து வருவது. இதற்கு மாற்றாகச் செயற்கைச் சவ்வுகளும், நோயாளியின் சொந்த இரத்தத்திலிருந்து எடுக்கும் 'பி.ஆர்.எஃப்.' படலமும் உள்ளன. எனினும் படலம் விரைவில் கரைவதால், எல்லா இடத்திலும் சவ்வுக்கு ஈடாகாது. இரத்தம் நிறுத்த வைக்கும் ஜெலட்டின் பஞ்சு விலங்குத் தோலிலிருந்து பெறுவது. செல்லுலோஸ் வகை தாவரத்திலிருந்து பெறுவது. தையல் நூலில் 'கேட்கட்' குடலிலிருந்தும், பட்டு நூல் பட்டுப்புழுவிலிருந்தும் கிடைப்பன. நைலானும், பாலிகிளாக்டின் என்னும் தானே கரையும் நூலும் செயற்கையானவை. உறையின் மேல் 'போவைன்' என்றிருந்தால் மாடு. 'போர்சைன்' என்றிருந்தால் பன்றி.

உடன்படுதலும் ஒரு செயலே

செய்தல், செய்வித்தல், செய்வார்க்கு உடன்படுதல் ஆகிய மூன்றினாலும் வினை சேரும் என்பது நம் அறநூல்களின் கருத்து. அறுவைக்கு முன் நாம் கையொப்பமிடும் தாள் ஒப்புதல் தாள்தானே! பொருளறியாது ஒப்புவது நம் அறத்திற்கும் ஒவ்வாது, சட்டத்திற்கும் ஒவ்வாது. சிகிச்சையின் தன்மை, பயன், மாற்று வழி, இடர் ஆகியவற்றை நோயாளிக்குத் தெரிவித்த பின்னரே ஒப்புதல் பெற வேண்டும் என 2008-இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆதலின் கேட்பதற்குக் கூச வேண்டா. அறியாமல் முன்பே இச்சிகிச்சை பெற்றவர்களைக் குறை கூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. இனிப் பெறுவோர் அறிந்து தெளிய வேண்டும் என்பதே நோக்கம்.

உடல் நிலை

சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்க்கும், புகையிலை பயன்படுத்துவோர்க்கும், ஈறு நோய் ஆறாதவர்க்கும் ஒட்டு பிடிப்பது அரிது. முதலில் அவற்றைச் சீர்செய்ய வேண்டும். எலும்பு மெலிவு நோய்க்கு அலெண்ட்ரோனேட் மாத்திரையோ, ஜோலெட்ரோனிக் அமில ஊசியோ பெறும் மூதாட்டியர் அதனை மறவாது சொல்ல வேண்டும். அம்மருந்து பெற்ற சிலர்க்குப் பல் அறுவைக்குப் பின் தாடை எலும்பு ஆறாமல் அழுகுவதுண்டு. தாமாக மருந்தை நிறுத்தவும் கூடாது. தாடையில் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றோரும் அதனைக் கூற வேண்டும்.

இட்ட எலும்பு இறுகப் பொதுவாக நான்கு முதல் ஒன்பது திங்கள் ஆகும். முதற் சில நாள்கள் கஞ்சி, குழைந்த பாசிப்பருப்பு போன்ற மென்மையான உணவே நன்று. இரவுண்ணாமை நோன்புடையோர் அதனை முன்னரே சொன்னால், இயன்றவரை பகலிலேயே உட்கொள்ளத்தக்க மருந்தை மருத்துவர் தேர்ந்து தருவார். தசலட்சண நாள்களையும் உபவாச நாள்களையும் ஒட்டி அறுவைக்கு நாள் குறிக்காதிருத்தல் நலம்.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

1. எனக்கு எலும்பு ஒட்டு இன்றியமையாததா? பாலம் கட்டுதல், கழற்றி மாட்டும் பல்செட்டு, குட்டையான இம்ப்ளான்ட் ஆகியவற்றுள் ஒன்று போதாதா?

2. துகள், சவ்வு, பஞ்சு, நூல் ஒவ்வொன்றும் எதிலிருந்து பெறப்பட்டவை? உறையைக் காட்ட இயலுமா?

3. என் குறைக்குச் செயற்கைப் பொருளோ சொந்த எலும்போ ஏற்றதா? அதனால் விளைவும் செலவும் எவ்வாறு மாறும்?

4. ஒட்டு பிடிக்காவிடில் அடுத்து என்ன செய்வது?

இவ்வினாக்களை ஒரு தாளில் எழுதிச் செல்லுங்கள். கேட்பதற்குரிய காலம், அறுவை நாளன்று நாற்காலியில் சாய்ந்த பின்னர் அன்று. பல்லைப் பிடுங்கலாம் என்று மருத்துவர் சொல்லும் அன்றே. ஏனெனில் எலும்பு தேய்வதும் அன்றுதான் தொடங்குகிறது. பின்னர் இம்ப்ளான்ட் வைக்கும் எண்ணம் இருப்பின், பிடுங்கிய குழியிலேயே உரிய பொருளை இட்டுத் தேய்வைக் குறைக்கவும் கூடும். காப்பாற்றத்தக்க பல்லை வேர்ச் சிகிச்சையால் காப்பாற்றிக்கொள்வதோ எல்லாவற்றினும் சிறந்தது. நம் வாயில் உள்ள பல்லைப் பேணினால், பிற உயிரின் எலும்பை நாட வேண்டிய தேவையே எழாது.