மேடைக் குரலும் திரைக் குரலும்: ‘ஸ்ரீவள்ளி’யை (1945) முன்வைத்துப் பாடகர் மதிப்பீடு

முன்னுரை

சங்கரதாஸ் சுவாமிகளின் (1867–1922) நாடகங்களுள் மேடையில் பெரிதும் நிலைபெற்றது ‘வள்ளி திருமணம்’. தமிழில் பேசும்படம் தோன்றிய இரண்டாம் ஆண்டிலேயே, 1933இல், டி.பி.ராஜலட்சுமி நடிக்க வள்ளி கதை திரைக்கு வந்தது. 1945இல் ஏ.வி.மெய்யப்பன் அதனை ‘ஸ்ரீவள்ளி’ என்ற பெயரில் மீண்டும் படமாக்கினார். முருகனாக டி.ஆர்.மகாலிங்கமும் வள்ளியாகக் குமாரி ருக்மணியும் நடித்தனர். இத்தகைய படங்களை ‘படம்பிடிக்கப்பட்ட நாடகங்கள்’ என்று சொல்லிக் கடந்துவிடுவதுண்டு. கதைப்போக்கை மட்டும் நோக்கின் அது பொருந்தலாம். பாடியவர்களை மதிப்பிட்ட அளவுகோலை நோக்கின் பொருந்தாது.

மேடையில் பாடகரின் தகுதி

ஒலிபெருக்கி பரவாத காலத்து நாடகக் கொட்டகையில் கடைசி வரிசைக்கும் எட்டுமாறு பாடுவதே நடிகரின் முதல் தகுதியாக இருந்தது. எடுப்பான சுருதியில் பாடுதல் அங்கு அழகுக்காக மட்டும் மேற்கொள்ளப்பட்டதன்று, தேவையால் அமைந்தது. ஆர்மோனியக் கலைஞர் பின்பாட்டுப் பாடி நடிகருக்கு மூச்சு வாங்க இடம் தந்தார். ‘ஒன்ஸ் மோர்’ என்ற குரல் எழுந்தால் அதே பாடல் மீண்டும் பாடப்பட்டது.

எனினும் குரல்வளம் பாதித் தகுதியே. வள்ளி நாடகத்தின் உயிர்நிலை தினைப்புனத்தில் வள்ளிக்கும் முருகனுக்கும் இடையே நிகழும் தர்க்கம். அச்சிட்ட நாடகப் பிரதி இதற்கு எலும்புக்கூடாகவே அமையும். தசையும் குருதியும் அந்த இரவில் எதிரெதிரே நிற்கும் இருவரின் கல்வியிலிருந்தும் சொல்திறத்திலிருந்தும் வர வேண்டும். முருகனாக வருபவர் எங்கிருந்து கேள்வியை எடுப்பார் என்பது வள்ளியாக வருபவருக்கு முன்கூட்டித் தெரியாது. எனவே மேடை வள்ளி ‘நன்றாகப் பாடினார்’ என்ற பாராட்டில் ‘நன்றாக விடை சொன்னார்’ என்பதும் அடங்கும்.

சிலப்பதிகார அரங்கேற்று காதையும் இங்கு நினைக்கத்தக்கது. இசையாசிரியன், கவிஞன், தண்ணுமையோன், குழலோன், யாழோன் ஆகியோரின் இலக்கணம் அங்கு வரிசையாகக் கூறப்படுகிறது. ஒருவரின் திறம் மற்றவரோடு இயையும் தன்மையாலும் அளக்கப்படுகிறது. இசை நாடக மேடை அறிந்தோ அறியாமலோ இம்மரபின் வழியிலேயே நின்றது.

திரையில் மாறிய அளவுகோல்

திரைப்படத்தில் தர்க்கத்தின் சொற்கள் முன்பே எழுதி உறுதிசெய்யப்படுகின்றன. இரவு முழுவதும் நீளும் நிகழ்வு சில மணி நேரத்திற்குள் அடங்க வேண்டும். இம்மாற்றத்தில் இராகமோ தாளமோ முதலில் இழக்கப்படவில்லை. வெல்பவர் யார் என்ற ஐயமே முதலில் இழக்கப்பட்டது.

கேட்போரின் செவியும் அதற்குள் மாறியிருந்தது. முருகன் வேடத்தில் பெரும்புகழ் பெற்ற எஸ்.ஜி.கிட்டப்பா 1933இல், இருபத்தேழாம் வயதிலேயே, மறைந்தார். எந்தப் படத்திலும் நடிக்கவில்லை. 1945இல் அவர் குரல் பக்கத்திற்கு மூன்று நிமிட அளவே ஓடும் இசைத்தட்டுகளில் மட்டும் வாழ்ந்தது. அவர் பாடிப் பரவிய ‘காயாத கானகத்தே’ பாடலை ‘ஸ்ரீவள்ளி’யில் மகாலிங்கம் பாடியபோது ஒப்புநோக்கக் கிடைத்ததும் அந்த மூன்று நிமிட வடிவமே. மாறாத இசைத்தட்டு, இரவுக்கிரவு மாறும் மேடையின் இடத்தில் அளவுகோலாக அமர்ந்தது.

மகாலிங்கத்தைக் கிட்டப்பாவின் நகல் என்று ஒதுக்குதல் முறையன்று. உச்சத்திலும் சொல் சிதையாமல் ஒலிப்பது அவரது தனி வலிமை. ஆனால் ஒலிவாங்கி வந்தபின் அந்த உச்சம் தேவை என்னும் நிலையிலிருந்து பாணி என்னும் நிலைக்கு நகர்ந்தது. அவர் பாடத் தொடங்கியதும் வேடன் மறைந்து பாடகரே எஞ்சுவதற்கு இந்நகர்வே காரணம் எனலாம்.

வள்ளியின் நிலை வேறு. முதலில் ருக்மணியே பாடியிருந்தார். அப்பாட்டு மெய்யப்பனுக்கு நிறைவளிக்காததால் பி.ஏ.பெரியநாயகியின் குரல் அவ்விடத்தில் ஏற்றப்பட்டது. பின்னணிப் பாடல் முறைக்குத் தமிழில் தொடக்கமாகச் சுட்டப்படும் ‘நந்தகுமார்’ (1938) படமும் மெய்யப்பனின் தயாரிப்பே. மகாலிங்கம் அறிமுகமானதும் அதில்தான். தொழில்நுட்பத்தளவில், எனவே, இது புதுமையன்று. புதுமை அதன் பொருளில் இருக்கிறது. தர்க்கத்தில் எதிர்நிற்கும் இருவருள் முருகனின் முகமும் குரலும் ஒருவருடையவை. வள்ளியின் முகம் ஒருவருடையது, குரல் மற்றொருவருடையது. ஆண் குரல் கதைமாந்தரோடு பிரிக்க முடியாததாகவும், பெண் குரல் கழற்றி மாற்றத்தக்கதாகவும் கொள்ளப்பட்டமை, பின்வந்த திரையிசை வரலாற்றில் நடிகைக்கும் பாடகிக்கும் இடையே விழுந்த இடைவெளியை முன்னறிவிக்கிறது.

பெரியநாயகியின் பாட்டைச் சுருதித் தூய்மை, குரலினிமை ஆகியவற்றால் மதிப்பிடுவோர் அவருக்கு உரிய உயர்வையே தருவர். எதிரில் நிற்பவருக்கு விடை சொல்லும் வாய்ப்பு அவருக்கு அளிக்கப்படவே இல்லை என்பதையும் அம்மதிப்பீடு கணக்கில் கொள்ள வேண்டும். ருக்மணி பாடகியாக மட்டுமே அளக்கப்பட்டு விலக்கப்பட்டார், வள்ளியாக அளக்கப்படவில்லை.

தென்மாவட்டக் கோயில் திருவிழாக்களில் ‘வள்ளி திருமணம்’ இன்றும் நிகழ்கிறது. ஒலிபெருக்கி வந்துவிட்டது, திரைப்பாடல் மெட்டுகளும் மேடையேறிவிட்டன. தர்க்கம் மட்டும் இன்னும் இரு நடிகரின் சொந்தக் குரலில், முடிவு முன்கூட்டி எழுதப்படாமலே நடைபெறுகிறது.