உடல்நலப் பாடம்: சொந்த இடுப்பு மூட்டைக் காக்கும் பேர்ண் சத்திரசிகிச்சை

இடுப்பு நோவு என்றால் வயது போனவர்களின் வருத்தம் என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். இருபது, முப்பது வயதிலேயே இடுப்பு மூட்டுத் தேயத் தொடங்குவோரும் உளர். அத்தகையோருக்கான முக்கிய சிகிச்சையொன்று நாம் வாழும் இந்நாட்டின் தலைநகரில்தான் உருவானது.

மூட்டு ஏன் தேய்கிறது?

தொடை எலும்பின் உருண்டைத் தலை, இடுப்பெலும்பிலுள்ள கிண்ணம் போன்ற குழியில் அமர்ந்து சுழல்கிறது. சிலருக்கு இக்குழி ஆழம் குறைந்திருக்கும். பெண்களிடம் இது அதிகம். அப்போது உடற்பாரம் குழியின் விளிம்பில் சிறிய இடத்திலேயே விழும். அங்குள்ள குருத்தெலும்பு தேய்ந்து மூட்டுவாதம் உண்டாகும்.

சிகிச்சை யாது?

1984ஆம் ஆண்டு பேர்ண் இன்சல் வைத்தியசாலையில் பேராசிரியர் றைன்ஹோல்ட் கான்ஸ் குழுவினர் இதனைத் தொடங்கினர். குழியைச் சுற்றியுள்ள எலும்பை வெட்டி, எலும்புத் தலையை நன்கு மூடும்படி குழியைத் திருப்பி, திருகாணிகளால் பொருத்துவர். பிரசவப் பாதையின் வடிவம் பெரிதும் மாறாது என்பது இளம் பெண்களுக்கு ஆறுதலான செய்தி. சில வாரங்கள் ஊன்றுகோலுடன் நடக்கவேண்டும்.

நீண்டகாலப் பலன்

முதன்முதலில் சிகிச்சை பெற்ற 63 பேரின் 75 மூட்டுகளைப் பேர்ண் வைத்தியர்கள் தொடர்ந்து கவனித்தனர். 2008இல் வெளியான ஆய்வின்படி, 20 ஆண்டுகளின் பின் நூற்றுக்கு 60 மூட்டுகள் காக்கப்பட்டிருந்தன. 2017இல் வெளியான 30 ஆண்டு ஆய்வில், செயற்கை மூட்டு வைக்காமலும், தேய்வு கூடாமலும், நன்கு இயங்கியவை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு.

இவ்வளவுதானா என்று கேட்கலாம். முப்பது வயதில் செயற்கை மூட்டு வைத்தால், வாழ்நாளில் அதனை மீண்டும் மாற்ற நேரிடலாம். சொந்த மூட்டுடன் வேலை செய்து, பிள்ளைகளை வளர்க்கக் கிடைக்கும் இருபது ஆண்டுகள் சிறியவையல்ல.

யாருக்குப் பலன் குறைந்தது? நாற்பது வயதைத் தாண்டியோர், முன்பே தேய்வு முற்றியிருந்தோர், கடும் நோவுடன் நொண்டி நடந்தோர் ஆகியோருக்கே. வேலை போய்விடும் என்று நோவைப் பொறுத்துக்கொள்ளும் எம்மவர் கவனிக்கவேண்டிய இடம் இதுவே.

நினைவில் நிறுத்துக

1. நடக்கும்போதோ நெடுநேரம் இருந்து எழும்பும்போதோ தொடை இடுக்கில் நோவு தொடர்ந்தால் குடும்ப வைத்தியரிடம் காட்டுங்கள்.
2. குடும்பத்தில் எவருக்காவது பிறவி இடுப்புக் குறை இருந்தால் அதையும் சொல்லுங்கள்.
3. எக்ஸ்றே பார்த்த பின், சொந்த மூட்டைக் காக்க வழியுண்டா என்று கேளுங்கள்.