கயத்தாறோடு முடித்துவிடாதே

கே.ஜி.கண்டிகை

அன்புள்ள மருமகனுக்கு,

கல்லூரிப் பேச்சுப் போட்டிக்குக் கட்டபொம்மனை எடுத்திருக்கிறாய் என்று உன் அம்மா சொன்னாள். ரொம்ப சந்தோஷம். திருத்தணியைத் தமிழ்நாட்டோடு சேர்க்கப் போராடிய ம.பொ.சி.தான் கட்டபொம்மன் பெயரையும் ஊர் ஊராகக் கொண்டுபோனவர். நம் பக்கத்துப் பிள்ளை அதைப் பேசுவது பொருத்தம்தான். ஆனால் 1799 அக்டோபர் 16, கயத்தாறு தூக்கு என்று முடித்துவிடாதே.

அவர் தம்பி ஊமைத்துரை 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி, இடிந்து கிடந்த பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை மறுபடி எழுப்பினார். மே மாதம் அதுவும் விழுந்தது. அவருக்குச் சிறுவயலில் அடைக்கலம் கொடுத்தவர் சிவகங்கைச் சீமையை ஆண்ட சின்ன மருது. ஒப்படைக்கச் சொன்னது கிழக்கிந்தியக் கும்பினி. என்ன வரும் என்று தெரிந்தே மறுத்தார் அந்த மனிதர்.

ஜூன் மாதம் திருச்சிக் கோட்டையிலும் ஸ்ரீரங்கம் கோயில் மதிலிலும் அவர் பெயரில் ஓர் அறிக்கை ஒட்டப்பட்டது. தேடிப் படி. பாளையத்துக்குப் பாளையம் பகை முற்றியிருந்த காலத்தில் எல்லாச் சாதியாரையும், முஸ்லிம்களையும், கும்பினியிடம் சம்பளம் வாங்கிய சிப்பாய்களையும்கூட அழைத்தார். என்னைக் கேட்டால் உன் பேச்சின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

அந்த அழைப்பில் எழுந்த போர் தோற்றதற்கு, யாரோ காட்டிக்கொடுத்தான் என்று ஒரு வரியில் காரணம் சொல்லிவிடாதே. சின்ன மருதுவும் அவர் அண்ணனும் தளபதிகளாக இருந்து ஆட்சிக்கு வந்தவர்கள். கும்பினி அந்த இடத்தைப் பார்த்துக் கை வைத்தது. படமாத்தூர் கௌரி வல்லபத் தேவரைச் சிவகங்கைக்கு உரியவர் என்று அறிவித்ததும் சனங்கள் இரண்டுபட்டார்கள். பீரங்கியைவிட இது பெரிய அடி. அக்டோபர் 24, திருப்பத்தூரில் அண்ணன் தம்பி இருவரையும் தூக்கிலிட்டார்கள்.

சின்ன மருதுவின் மகன் துரைசாமி அப்போது உன்னைவிடச் சின்னவன். 1802 பிப்ரவரியில் தூத்துக்குடியில் கப்பலேற்றிப் பினாங்குக்கு நாடு கடத்தப்பட்டவர்களில் அவனும் ஒருவன். கும்பினி அதிகாரி வெல்ஷ், முன்னர் சின்ன மருதுவிடமே வளரி எறியக் கற்றவர். 1818இல் பினாங்கில் தன் முன்னால் வந்து நின்ற, முதுமை தட்டிய ஓர் உருவத்தை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. பெயரைக் கேட்ட பிறகே துரைசாமி என்று தெரிந்தது. எதிரியே தன் நூலில் எழுதிவைத்த இந்தச் சந்திப்பைக் குரல் உயர்த்தாமல் சொல்.

எழுதி முடித்ததும் எனக்கு அனுப்பு.

அன்புடன்,
மாமா