நூலகத் துறைக்குத் தலைவர் யார்?

கேள்வி: நூலகத் துறையின் தலைமைப் பதவியில் நூலகவியல் கற்றவர்தாம் இருக்க வேண்டுமா? நிர்வாகத் திறமை போதாதா?
— வாசகர் ஒருவர், லவ்டேல்

பதில்: போதாது என்பதே என் தீர்மானமான அபிப்பிராயம். கணிதம் போதித்து வந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகி, லண்டன் சென்று அத்தொழிலை முறையாகக் கற்றுத் திரும்பிய எஸ். ஆர். அரங்கநாதன் ஆண்டுக்கணக்கில் இடைவிடாது வாதாடியதன் பயனாகவே, சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948-இல் சென்னை மாகாணத்தில் பிறந்தது. 1972-இல் தமிழ்நாட்டுப் பொது நூலகத் துறையின் முதல் இயக்குநராகப் பொறுப்பேற்ற வே. தில்லைநாயகமும் நூலகராகவே வளர்ந்தவர். பின்னர் அப்பதவி பெரும்பாலும் கல்வித் துறை அதிகாரிகளிடம் சென்றது பெரிய நஷ்டம்.

நீலகிரி மலையிலுள்ள உங்கள் ஊரையே பாருங்கள். ஆனி, ஆடி மாதங்களில் மூடுபனியும் சாரலும் நூலகத்தினுள்ளே புகுந்து, நூல் அட்டையின் உட்புறத்தில் சாம்பல் நிறப் பூஞ்சை படர்ந்து, பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் அவஸ்தையை, அலமாரியருகே நின்று நாளெல்லாம் நூல்களைப் புரட்டியவரன்றி வேறு யார் அறிவார்? மலைக்கும் சமவெளிக்கும் ஒரே விதி வகுக்கும் கோப்பில் ஆட்சேபம் எழுதும் துணிவும் அந்த அநுபவத்திலிருந்துதான் வர வேண்டும். வீட்டு வரியோடு நூலக வரியும் செலுத்துகிறோம். அந்த உரிமையோடு உங்கள் நூலகத்தின் வாசகர் வட்டத்தில் சேர்ந்து, நூலகவியல் கற்றவரே துறைத் தலைவராக வேண்டும் என்ற கோரிக்கையை மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்கு எழுதி அனுப்புங்கள்.